மூன்றாம் தரம் கேட்காத நாடு

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வெளியே வெப்பநிலை ஒரு பாகை. மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் நகரத்தின் மேல் பெய்துகொண்டிருந்தது. இரத்த அழுத்தக் குளிசை, பால் விடாத தேநீர், கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு, சீஸ். கடதாசிக் குப்பைத் தொட்டியை வீதியோரம் இழுத்து வைத்தேன். மனைவி முதியோர் இல்லத்து வேலைக்கு ஏற்கெனவே போய்விட்டாள். வழக்கமாக அவளுக்குப் பின்னால் நானும் புறப்பட்டுவிடுவேன். அன்று புறப்படவில்லை. விடுப்பு எடுத்திருந்தேன். மேசையில் உட்கார்ந்து நாட்குறிப்பை எழுதினேன்.

என் நாட்குறிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காலநிலை, அடுத்து சாப்பாடு, அடுத்து உடம்பு, கடைசியில் மற்றவை. மகள் பிறந்த நாளில்கூட முதல் வரி மேற்குக் காற்றைப் பற்றித்தான் இருக்கிறது. மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை. அன்று 'மற்றவை' வரும் இடத்தில் இப்படி எழுதினேன்: மதியம் ஒரு மணிக்கு நேர்முகம். நீலச் சட்டை.

நான் வேலை செய்வது ஓர் உடுப்பு நிறுவனத்தின் களஞ்சியத்தில். இக்காஸ்டில் துணி நெய்த காலம் போய், இப்போது வேறு நாடுகளில் தைத்த உடுப்புகள் பெட்டிகளில் வந்து இறங்கி, வேறு பெட்டிகளில் ஏறிப் போகிற காலம். அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறேன். அந்த வருடத் தொடக்கத்தில், களஞ்சியத்தைப் பக்கத்து நகரமான ஹேர்னிங்குக்கு வெளியே கட்டியிருக்கும் புதிய கட்டடத்துக்கு மாற்றப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. அங்கே பெட்டிகளை எடுத்து வைக்க இயந்திரங்கள் இருக்கும். ஆட்களில் பாதிப் பேர் இருப்பார்கள். எந்தப் பாதி என்று சொல்லவில்லை. டெனிஷ்காரர் கெட்ட செய்தியைக் கேக்குடன்தான் சொல்வார்கள். அன்றைக்கு மேசையில் இரண்டு விதமான கேக் இருந்தபடியால் விஷயம் பாரதூரமானது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இடமாற்றத்தை நடத்த ஒரு திட்டத் தலைவர் வேண்டும், உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மாற்றம் முடிந்த பிறகு அவருக்குப் புதிய கட்டடத்தில் நிரந்தர வேலை உண்டு. அது கிடைக்காவிட்டால் கோடை விடுமுறையோடு என் வேலை முடிந்துவிடும் என்று தொழிற்சங்கப் பிரதிநிதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு ஜொப்சென்டர்தான், வேலை இல்லாதவர்கள் பதியும் அரசாங்க அலுவலகம். அங்கே என் மகளின் வயதில் ஒரு பிள்ளை, விண்ணப்பக் கடிதத்தை எப்படி உற்சாகமாக எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தரும். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு அந்த உற்சாகம் வேண்டாம். எனக்கு இந்த வேலைதான் வேண்டும். இங்கே இதை இவ்வளவு தெளிவாக எழுத முடிகிறது. கையில் கோளாறு இல்லை, வாயில்தான்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து சாப்பிட்ட பின், மகள் ஓகூஸ் நகரத்திலிருந்து வீடியோவில் வந்து என்னைப் பயிற்றினாள். அவள் வேலை செய்யும் அலுவலகத்தில் ஆட்களை நேர்முகம் காண்பவள் அவள்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள். அதனால் அவளுடைய தமிழில் ஏச்சு மட்டும் சுத்தமாக இருக்கும்.

"நீங்கள் தலைமை தாங்கி நடத்திய ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அதிகாரிக் குரலில் கேட்டாள்.

"ரண்டு வருசத்துக்கு முதல் நாங்கள் பெட்டி வைக்கிற இறாக்கை எல்லாம் மாத்தி அடுக்கினனாங்கள்."

"நாங்கள் என்றால் யார்?"

"நாங்கள்தான். எல்லாரும்."

"அவர்கள் எல்லாரையும் வேலைக்கு எடுக்கப் போவதில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நானும் நிண்டனான்."

அங்கேதான் அவள் தமிழுக்கு வந்தாள். "நிண்டனீங்களோ? அப்பா, விசர்க்கதை கதைக்காதேங்கோ!"

பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி, "அவர் நிண்டவர்தான் பிள்ளை. நிக்கிறதிலை அவரை ஆரும் வெல்லேலாது" என்றாள்.

மகள் கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு டெனிஷுக்குத் திரும்பி, களஞ்சியத்தை விடுங்கள், மாதா திருவிழாவைச் சொல்லுங்கள் என்றாள். ஓகஸ்ட் மாதத்தில் எங்கள் ஆட்கள் கூடும் திருவிழாவின் மத்தியானச் சாப்பாட்டை நடத்துவது யார்? ஆயிரம் பேருக்குச் சமைப்பது யாருடைய பொறுப்பு? கூடாரம், தண்ணீர், அடுப்பு, சுகாதாரப் பரிசோதகர், எல்லாவற்றுக்கும் யாருக்குத் தொலைபேசி வருகிறது? "அதைவிடப் பெரிய திட்டத்தை அந்த நிறுவனத்தில் யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லுங்கள். 'நான்' என்று சொல்லுங்கள்."

"அது கொமிட்டி பிள்ளை. நானெண்டு சொன்னால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அந்த அறையில் கொமிட்டி ஆட்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள், அப்பா."

அது சரியான ஆலோசனை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணமும் அந்தச் சரியான ஆலோசனைதான்.

எங்கள் கொமிட்டியில் தலைவரைத் தெரிவு செய்யும் முறையை இங்கே சொல்ல வேண்டும். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நாங்கள் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை, இதில் மட்டும் ஒரே முறைதான். வசந்தகாலத்தில் மாதா கோவில் மண்டபத்தில் கூட்டம். செபம், தேநீர், கடிக்கப் பற்றிஸ், கணக்கறிக்கை. பிறகு ஒருவர் எழும்பி, "அண்ணையே இந்த முறையும் இருக்கட்டும்" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். நான் உடனே எழுந்து, "எனக்கு ஷிப்ட் வேலை, உடம்பும் முந்தி மாதிரி இல்லை, இளம் ஆக்கள் வரவேணும்" என்பேன். இளம் ஆட்கள் கைத்தொலைபேசியைப் பார்ப்பார்கள். இரண்டாம் தரம் கேட்பார்கள். "என்னைவிடத் தகுதியான ஆக்கள் இருக்கினம்" என்று ஒருவருடைய பெயரையும் சொல்வேன். அவர் பதறிப்போய்த் தனக்கு முதுகுவலி என்பார். மூன்றாம் தரம் மண்டபம் முழுவதும் கை தட்டும். அப்போது, "எல்லாரும் இப்பிடிச் சொன்னால் நான் என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். மகிழ்ச்சியைக் காட்டக்கூடாது. பாரம் ஏற்றிய மாடு மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் நான் பித்தப்பை சத்திர சிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஓர் அண்ணையிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் முதல் தரமே, "ஓம், செய்வம்" என்றிருக்கிறார். மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டதாம். கேட்டவருக்கே வெட்கமாகப் போய்விட்டதாம். அந்த வருடம் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பருப்புக் கறியில் உப்புக் குறைவு என்று இன்றுவரை கதைக்கிறார்கள். "தலைவர் கதிரைக்கு அலையிற மனுசன் சமைச்சால் அப்பிடித்தான்."

நீலச் சட்டையோடு பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அறையில் மூன்று பேர். நிறுவனத்தின் பணிப்பாளரான பெண், நாற்பது வயதுக்கு மேல், விளையாட்டுச் சப்பாத்து. என் களஞ்சிய மேலாளர், பதினொரு வருடமாக என்னுடைய மேலதிகாரி, அன்றைக்கு என்னை முதல் தடவையாகப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மூன்றாமவர் ஆளணிப் பிரிவுப் பெண், மடிக்கணினியில் குறிப்பெடுத்தார்.

கோப்பி வேண்டுமா என்றார்கள். உடனே "யா டக்" என்றேன், ஆம், நன்றி. இதைக் கொஞ்சம் பெருமையோடு எழுதுகிறேன். டென்மார்க்குக்கு வந்த முதல் வருடத்தில் கோப்பி கொண்டு வந்தால் "நை டக்" என்று மரியாதைக்கு மறுப்பேன். அவர்களும் மரியாதையாகக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொரு தரம் கேட்பார்கள் என்று காத்திருந்து, எத்தனையோ வீடுகளிலிருந்து பசியோடு திரும்பியிருக்கிறேன். அதெல்லாம் பழைய கதை. இப்போது கோப்பிக்கு யா, கேக்குக்கு யா. இந்த நாட்டின் மரியாதையைக் கற்று முடித்துவிட்டேன் என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன்.

நீங்கள் தலைமை தாங்கிய ஒரு திட்டத்தைச் சொல்லுங்கள் என்று பணிப்பாளர் கேட்டார். மகள் சொன்ன மாதிரியே கேட்டதில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. திருவிழாவைச் சொன்னேன். ஹேர்னிங்குக்கு வெளியே புல்வெளி. முதல் நாள் மாலை கூடாரம். விடிவதற்கு முன் அடுப்பு. சோற்றை எத்தனை பாகைச் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்று பரிசோதகர் சொன்னதை, எங்கள் சமையல்காரருக்கு, தன் சோற்றைக் குறை சொல்வதாக அவர் கோபிக்காத விதத்தில் விளங்கப்படுத்தியது. ஒவ்வொரு வசனத்தையும் 'நான்' என்று தொடங்கினேன். ஒவ்வொரு தரமும் முதுகுக்குப் பின்னால் கொமிட்டி ஆட்கள் வரிசையாக இருந்து ஒருவரை ஒருவர் இடிப்பது போல இருந்தது.

ஒரு முரண்பாட்டை எப்படித் தீர்த்தீர்கள்?

மன்னார் ஆட்களுக்கு மீன் குழம்பு வேண்டும். யாழ்ப்பாண ஆட்களுக்கு ஆட்டிறைச்சி வேண்டும். இரண்டு பக்கமும் சாப்பிட வரமாட்டோம் என்றார்கள். நான் இரண்டு கூடாரம் போட்டு இரண்டையும் சமைப்பித்தேன். அன்றைக்கு எல்லோரும் இரண்டு வரிசையிலும் நின்று சாப்பிட்டார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள். மேலாளர்கூடச் சிரித்தார்.

உங்களுடைய பலவீனம் என்ன? அளவுக்கு மிஞ்சிய ஒழுங்கு என்றேன். மேலாளர் மற்ற இருவரையும் பார்த்து, "அது உண்மை" என்றார், கொஞ்சம் அவசரமாக.

"சம்பளம் கொடுக்காத, வேலையால் நிறுத்தவும் முடியாத ஆட்களை எப்படி வேலை செய்ய வைக்கிறீர்கள்?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"பெரிய கிடாரத்தைக் கழுவ நான்தான் முதலில் போவேன். அது ஒரு மனிதன் உள்ளே இருந்து குளிக்கக்கூடிய பாத்திரம். தலைவரே கழுவப் போனால் மற்றவர்களால் கதிரையில் இருக்க முடியாது."

பணிப்பாளர் பேனாவை வைத்துவிட்டார். இதுதான் தற்கால டெனிஷ் தலைமைத்துவம், நாங்கள் அதற்குப் பயிற்சிப் பட்டறைகள் வைக்கிறோம் என்றார். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ஆட்களை வெட்கப்படுத்துவது. அதை நான் சொல்லவில்லை. ஆளணிப் பெண் தட்டச்சு செய்யும் வேகத்தைப் பார்த்தே வேலை எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

முக்கால் மணி நேரமாகத் திருவிழாவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு அந்த அறையில் இருந்தாலும் மற்ற எல்லாம் கோவில் மண்டபத்துக்குப் போய்விட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பணிப்பாளர் என் பக்கம் கையைக் காட்டி, "கடைசியாக ஒன்று. இந்தப் பொறுப்பை உங்களிடம் தந்தால், எடுத்துக்கொள்ள விருப்பமா?" என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது. "என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்" என்றேன், நல்ல டெனிஷில். மாலை ஷிப்டில் வேலை செய்யும், பொருள் போக்குவரத்து படித்த ஒருவருடைய பெயரையும் சொன்னேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அப்படியென்றால் உங்களுக்கு இதில் நிச்சயம் இல்லையா?"

இது இரண்டாம் தரம். "என்னுடைய வயதில் யோசிக்கத்தானே வேண்டும்" என்றேன். முகத்தில் அந்தப் பாரம் ஏற்றிய மாட்டையும் கொண்டு வந்தேன். மேலாளர் எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தேன்.

பணிப்பாளர் எழுந்து, என் நேர்மைக்கு மிகவும் நன்றி என்று கை கொடுத்தார்.

இங்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எவ்வளவு பண்பாக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு காரை ஓட்டி வந்தேன். வழியில் கடையில் நின்று மனைவிக்கு டியூலிப் பூக்கூட வாங்கினேன்.

மனைவி வேலை முடிந்து வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். பூவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "அப்ப கிடைச்சிட்டுது?"

"கிடைச்ச மாதிரித்தான்." தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொன்னேன். மீன் குழம்புக்குச் சிரித்தாள். கிடாரத்துக்கு, "நீங்கள் ஒருக்காத்தானே கழுவினனீங்கள், மிச்ச நேரமெல்லாம் பொடியள்தான்" என்றாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது காலை மடக்கிக் கீழே வைத்தாள்.

"பொறுங்கோ. விருப்பமோ எண்டு கேக்க என்ன சொன்னனீங்கள்?"

"வழமையாச் சொல்லுறதுதான்."

"வழமையா எண்டால்?"

"என்னைவிடத் தகுதியான ஆக்கள் இருக்கினம் எண்டு."

"மாதாவே. அதுக்கு அவை?"

"திரும்பவும் கேட்டவை. யோசிக்கவேணும் எண்டன்."

"பிறகு?"

"பிறகு கை தந்தவ."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. முதியோர் இல்லத்தில் பல்லைக் கழற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேடுகிறவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும். "இஞ்சேருங்கோ," என்றாள் மெதுவாக, "நீங்கள் அவையளுக்கு வேண்டாம் எண்டெல்லோ சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள்."

"நான் எங்கை வேண்டாமெண்டு சொன்னனான்? அது ஓம் சொல்ல முதல் சொல்லுற கதை. ஆருக்கும் தெரியும்."

"ஆருக்குத் தெரியும்? கோப்பிக்கே ரண்டாந்தரம் கேக்காத சனம், உங்களைப் பல்லக்கிலை ஏத்தப் போகுதோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோப்பி எனக்குத் தெரியும். பதவியும் ஒரு வகைக் கோப்பி என்பது தெரியாது.

தொலைபேசி அடித்தது. பணிப்பாளர். மனைவி தனக்கும் கேட்க ஸ்பீக்கரில் போடும்படி கையால் காட்டினாள். போட்டேன்.

அனுபவத்தில் நீங்கள்தான் முதலாவது என்றார். ஆனால் உங்களுக்கு இதில் விருப்பம் இல்லை என்பதை நாங்கள் உணர்ந்தோம், ஒருவரையும் வற்புறுத்துவது எங்கள் முறை இல்லை என்றார். மாலை ஷிப்டில் இருக்கும் அந்தச் சக ஊழியரைப் பற்றி நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை, நீங்கள் அவரை அவ்வளவு மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்தது அழகாக இருந்தது, நாளைக் காலை அவரை அழைத்துப் பேசப் போகிறோம் என்றார். "இது உங்களுக்குச் சரிதானே?"

மனைவி இரண்டு கைகளையும் வீசி, இல்லை, இல்லை என்று காட்டினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே, "ஆம், நிச்சயமாக. விளங்குகிறது. மிகவும் நன்றி" என்றேன்.

தொலைபேசியை மேசையில் வைத்தேன்.

"மூண்டு தரம் மறுத்துப்போட்டியள்," என்றாள் மனைவி. "இனி வேதத்திலை வாற மாதிரிக் கோழி கூவவேண்டியதுதான்."

"போனிலை வைச்சு என்னெண்டு..."

"போன மாசம் முழுக்க அந்த மனுசன் பெட்டியைத் தலைகீழா அடுக்குது எண்டு சோத்துக் கோப்பையோடை இருந்து புலம்பினது ஆர்? இப்ப அவரோ தகுதியான ஆள்?"

"அது ஒரு மரியாதைக்கு..."

"மரியாதை!" எழும்பிப் போய்ப் பூவைத் தண்ணீரில் வைத்தாள். பூவின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "எனக்கு உங்களைக் கேட்டு வந்த நேரமும் இப்பிடித்தானே. இப்ப என்ன அவசரம், தம்பிமார் முதல்ல முடிக்கட்டும், என்னைவிட நல்ல மாப்பிள்ளை இருக்கினம். என்ரை மாமா மூண்டாந்தரமும் வந்து கேட்டபடியால் தப்பினியள். இல்லாட்டி இப்ப உங்களுக்கு ஆர் சோறு போடுறது?"

"அவர் வந்தவர்தானே."

"அவர் மன்னார் ஆள். வருவார். இவ வரமாட்டா."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பணிப்பாளருடைய அலுவலக எண்ணுக்கு எடுத்தேன். நாலரை மணி. டென்மார்க்கில் நாலரை மணிக்கு அலுவலகத்தில் இருப்பது விவாகரத்தான ஆட்கள் மட்டும்தான். செய்தியைப் பதிவு செய்யச் சொல்லி இயந்திரம் கேட்டது. வைத்துவிட்டேன்.

ஓகூசிலிருந்து மகள் எடுத்தாள். அம்மா செய்தி அனுப்பிவிட்டாள் போல. இந்தத் தரம் தொடக்கத்திலேயே தமிழ். "அப்பா, உங்களுக்கு விசரோ? எஸ்எம்எஸ் அனுப்புங்கோ. இப்பவே."

"என்னெண்டு அனுப்புறது?"

"எனக்கு வேலை வேணும் எண்டு!"

"பிள்ளை, பதவியை வாயாலை கேக்கிறதோ?"

மறுபக்கத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு டெனிஷில், மிகவும் பொறுமையாக, தான் வேலை செய்யும் இடத்தில் ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்றாள். கேட்காதவர்களுக்குத் தாங்கள் ஒருபோதும் கொடுத்ததில்லை என்றாள். "நீங்கள் கேட்காவிட்டால், நீங்கள் அடக்கமானவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டாம் என்று நினைப்பார்கள். அவ்வளவுதான்."

எஸ்எம்எஸ் எழுதிப் பார்த்தேன். எழுதியதில் என் வயது வந்தது, களஞ்சியத்தின் சரித்திரம் வந்தது, நிர்வாகத்தின் முடிவுக்கு நான் கொடுக்கும் மதிப்பு வந்தது, மற்றவரின் கல்வித் தகைமை மீண்டும் வந்தது. வேலை வேண்டும் என்பது மட்டும் வரவில்லை. மனைவி தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு அழித்தாள்.

"நேரை போய்ச் சொல்லுங்கோ. எழுதக் குடுத்தால் நீங்கள் காலநிலையிலை இருந்து தொடங்குவியள்."

பிறகு அவள் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தாள். நான் தேங்காய்ப்பூவை எடுத்துக் கொடுத்தேன். அடுப்பைப் பார்த்தபடியே, பணிப்பாளரின் குரலில், அவளுக்கு முதியோர் இல்லத்தில் பழகிய நல்ல டெனிஷில், திடீரென்று கேட்டாள்: "இந்த வேலை உங்களுக்கு வேண்டுமா?"

"எல்லோரும் அப்படி விரும்பினால்..."

அகப்பையைத் தூக்கினாள். "திரும்பவும்."

"உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால்..."

"எனக்கு ஆட்சேபனை இருக்கு. திரும்பவும்."

டெனிஷில் அது சின்ன வசனம். 'எனக்கு இந்த வேலை வேண்டும்.' பள்ளிக்கூடம் தொடங்கிய பிள்ளையும் சொல்லும். என் வாயில் அது அடுத்தவனுடைய பல்செட் மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு தரம் வந்தது, ஆனால் நிலத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நிமிந்து சொல்லுங்கோ."

"நிமிந்தால் வருகுதில்லையப்பா."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பு, பகிடி ஒன்றும் முகத்தில் இல்லை. "இஞ்சை பாருங்கோ. உங்களுக்கு வேலையும் வேணும். ஆக்கள் கெஞ்சவும் வேணும். ஒவ்வொரு வருசமும் அந்த மண்டபத்திலை கை தட்டேக்கை உங்கடை காது சிவக்கிறதை நான் பின் வரிசையிலை இருந்து பாக்கிறனான். அது அடக்கம் இல்லை."

என் காது சூடாக இருந்தது.

"எனக்கு முழங்கால் ரண்டும் நோகுது," என்றாள். "நான் கிழடுகளைத் தூக்கிற வேலையிலை இன்னும் எவ்வளவு காலம் நிப்பன் எண்டு தெரியாது. நீங்கள் ஓகஸ்டிலை வீட்டிலை இருந்தால் நான் அதை விடேலாது. நான் உங்களை ஒருக்காத்தான் கேக்கிறன். மூண்டு தரம் கேக்கமாட்டன்."

முப்பது வருடத்தில் முழங்கால் நோவைப் பற்றி அவள் ஒரு தரமும் முறைப்பாடு செய்ததில்லை. என் நாட்குறிப்பில் 'உடம்பு' என்ற இடத்தில் எழுதப்படுவது என் உடம்பு மட்டும்தான் என்பதும் அப்போதுதான் மனதில் பட்டது. புட்டைச் சாப்பிட்டோம். படுக்கப் போகும் வரை நான் அந்த வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை எழுந்ததும் நாட்குறிப்பைத் திறக்கவில்லை. வெளியே எத்தனை பாகை என்று எனக்குத் தெரியாது. தேநீரும் குடிக்கவில்லை. சட்டைக்கு மேல் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நேரே நிறுவனத்துக்குப் போய், அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில், சைக்கிள்கள் விடும் இடத்தில் நின்றேன். களஞ்சியத்துக்குப் போகும் ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்து, இங்கே என்ன செய்கிறாய் என்றார்கள். நிற்கிறேன் என்றேன்.

பணிப்பாளர் சைக்கிளில் வந்தார். கண்ணாடியில் ஈரம். என்னைக் கண்டதும் காலை ஊன்றி நிறுத்தினார். அவர் காலை வணக்கம் சொல்வதற்கு முன்பே சொன்னேன், நிமிர்ந்துதான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவும் போய்விட்டது:

"எனக்கு இந்த வேலை வேண்டும். இதற்கு நான்தான் பொருத்தமான ஆள். நேற்று நான் சொன்னது பிழை."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். ஆச்சரியப்பட்டது போலத் தெரியவில்லை. பஸ் நேரம் கேட்டவனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். "நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

"நல்லது" என்றார். "நான் இன்னும் அவரை அழைக்கவில்லை. இனி அழைக்கத் தேவையில்லை. உள்ளே வாருங்கள், ஒப்பந்தத்தைப் பார்ப்போம்."

இவ்வளவுதான். ஒருவரும் கை தட்டவில்லை. அவர் பையைத் திறந்து கதவின் சாவி அட்டையைத் தேடினார். அந்த இடைவெளியில், அந்த மாலை ஷிப்ட்காரரும் மோசமில்லை என்று சொல்ல ஒரு வசனம் என் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவர் சாவியைக் கண்டுபிடிக்கும் வரை அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.